ஃபுகுவோகா: பகலில் கோயில்கள், இரவில் தள்ளுவண்டிக் கடைகள்

[காட்சி: ஆற்றங்கரையில் வரிசையாக விளக்கெரியும் தள்ளுவண்டிக் கடைகள்]

ஜப்பானுக்கு முதன்முறையாகச் செல்பவர்களில் பெரும்பாலோர் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்ற வரிசையை விட்டு விலகுவதில்லை. இந்த வீடியோவில் நாம் பார்க்கப்போவது தெற்கே, கியூஷு தீவின் வடகரையில் இருக்கும் ஃபுகுவோகா நகரத்தை. ஊர்க்காரர்களோடு தோள் உரச அமர்ந்து, அவர்கள் சாப்பிடுவதையே சாப்பிட்டுப் பேசும் வாய்ப்பு, ஜப்பானின் வேறெந்தப் பெருநகரத்திலும் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

[காட்சி: சுரங்க ரயில் வரைபடம்]

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாகா ஆற்றுக்கு மேற்கே கோட்டையைச் சுற்றிச் சாமுராய்கள் வாழ்ந்த ஃபுகுவோகாவும், கிழக்கே வணிகர்கள் வாழ்ந்த ஹகாதாவும் 1889-இல் ஒரே நகராட்சியாயின. நகரத்துக்கு ஃபுகுவோகா என்ற பெயரும், அதே ஆண்டில் திறந்த ரயில் நிலையத்துக்கு ஹகாதா என்ற பெயரும் அமைந்தன. ஆகவே ஷின்கான்சென் எனும் அதிவேக ரயிலுக்குப் பயணச்சீட்டு எடுக்கும்போது ஹகாதா என்றே தேட வேண்டும். விமான நிலையம் நகருக்குள்ளேயே இருப்பதால், சுரங்க ரயிலில் இரண்டாவது நிறுத்தமே ஹகாதா; கடைவீதிகள் நிறைந்த டென்ஜினுக்குப் பதினொரு நிமிடம் போதும். ஆனால் அந்த ரயில் உள்நாட்டு முனையத்தின் அடியிலிருந்துதான் புறப்படுகிறது. பன்னாட்டு முனையம் ஓடுபாதைக்கு மறுபுறம் உள்ளதால், முதலில் இலவசப் பேருந்தில் ஏறி உள்நாட்டு முனையத்துக்கு வர வேண்டியிருக்கும். ரயிலில் கைப்பேசியை ஒலி இல்லாமல் வைப்பதும், அதில் பேசாமல் இருப்பதும் எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம்.

[காட்சி: தோச்சோஜி கோயில் வாயில்]

பகல் பொழுதுக்கு ஹகாதா நிலையத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய பழைய கோயில் பகுதி சிறந்தது. ஜப்பானின் முதல் ஜென் பௌத்தக் கோயிலாகக் கருதப்படும் ஷோஃபுகுஜி, 1195-இல் எய்சாய் துறவியால் இங்கே நிறுவப்பட்டது. அருகிலுள்ள தோச்சோஜியில் 10.8 மீட்டர் உயர மரப் புத்தர் அமர்ந்திருக்கிறார். சிலை 1992-இல் முடிந்ததுதான் என்றாலும், அதன் பீடத்துக்குக் கீழே உள்ள வழியைத் தவறவிடாதீர்கள். நரகக் காட்சிகளைத் தீட்டிய பலகைகளைக் கடந்ததும் கண்ணுக்கு எதுவும் தெரியாத இருட்டு தொடங்குகிறது. சுவரோரக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சென்றால்தான் மறுபுற வெளிச்சத்தை அடைய முடியும். புத்தரைப் படமெடுக்க அனுமதி கிடையாது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் குஷிடா, பௌத்தக் கோயிலன்று, ஜப்பானின் தொன்மையான ஷிண்டோ சமயத்தின் ஆலயம். இரண்டுக்கும் வழிபாட்டு முறை வேறு. ஷிண்டோ ஆலயத்தில் நுழையும்போது நீர்த்தொட்டியில் அகப்பையால் அள்ளி முதலில் இடக்கையையும் பிறகு வலக்கையையும் கழுவி, உள்ளங்கையில் ஊற்றிய நீரால் வாயைக் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. சன்னிதி முன் காசு போட்டு, இருமுறை தலைவணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவது முறை. பௌத்தக் கோயிலில் கைதட்டுவதில்லை, கூப்பினால் போதும்.

ஜூலை 1 முதல் 15 வரை நடக்கும் ஹகாதா கியோன் யமகாசா, இந்தக் குஷிடா ஆலயத்தின் திருவிழா. 1241-இல் கொள்ளைநோய் பரவியபோது ஷோயிச்சி கொக்குஷி என்ற துறவி, பலர் தோளில் சுமந்த மேடையில் ஏறி ஊரெங்கும் புனித நீர் தெளித்தார் என்பது மரபு வழிக் கதை. இறுதி நாளன்று அதிகாலை 4:59-க்கு, ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அலங்கார ஊர்தியை முதல் குழு தோளில் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கும். இந்தப் பதினைந்து நாட்களும் விழாவில் பங்கேற்கும் ஆண்கள் வெள்ளரிக்காய் சாப்பிடுவதில்லை. குறுக்கே வெட்டிய துண்டு ஆலயச் சின்னத்தைப் போலிருக்கிறது என்பது காரணம்.

அரை நாள் மிச்சமிருந்தால், ஓஹோரி பூங்காவையும் கோட்டை இடிபாடுகளையும் விட டசாய்ஃபுவுக்கே என் பரிந்துரை. டென்ஜினிலிருந்து நிஷிடெட்சு ரயிலில் ஏறி, ஃபுட்சுகாய்ச்சியில் வண்டி மாறினால் சுமார் அரை மணி நேரத்தில் போய்விடலாம். அரசவைச் சூழ்ச்சியால் இங்கே அனுப்பப்பட்டு 903-இல் இறந்த அறிஞர் சுகவாரா நோ மிச்சிசானே, இன்று இங்குள்ள ஆலயத்தில் கல்வித் தெய்வமாக வணங்கப்படுகிறார். தேர்வுக் காலங்களில் மாணவர் கூட்டம் அலைமோதும். வழியெங்கும் இரும்பு அச்சில் சுட்டுத் தரும், உள்ளே இனிப்புப் பயறு வைத்த அரிசி மாவுப் பண்டமான உமெகாயே மோச்சியைச் சூடாக வாங்கி, கடையோரத்திலேயே நின்று சாப்பிட்டுவிடுங்கள். சாலையில் குப்பைத் தொட்டி கண்ணில் படுவது அரிது. காகிதத்தைப் பையில் வைத்துக்கொள்வதே வழி.

[காட்சி: மாலை, வண்டியை இழுத்து வந்து கடை விரிக்கும் உரிமையாளர்]

இனி, இந்த ஊரின் இரவு. யாதாய் எனப்படும் தள்ளுவண்டிக் கடைகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வறுமைக் காலத்தில் பெருகியவை. 1960-களில் நானூறுக்கு மேல் இருந்த எண்ணிக்கை இப்போது நூறு அளவுக்குக் குறைந்துவிட்டது. 1990-களில் காவல்துறை, அன்றைய உரிமையாளரோடு உரிமம் முடிந்துவிடும் என்ற நிலைப்பாட்டை எடுத்ததால் தெருவை விட்டே இவை மறையும் நிலை வந்தது. மாநகராட்சி 2013-இல் தனிச் சட்டம் இயற்றி, பின்னர் புதியவர்களிடமும் விண்ணப்பம் கோரித் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. ஊரின் அடையாளத்தைக் காப்பாற்றிய முடிவு அது.

நகாசு, டென்ஜின், நகஹாமா ஆகிய மூன்று பகுதிகளில் இவை நடக்கின்றன. ஒரு கடையில் பத்துப் பேர் அளவுக்கே உட்கார இடமிருக்கும். மழை வலுத்தால் பல கடைகள் வராது. திரையை விலக்கி எட்டிப் பார்த்து, எத்தனை பேர் என்று விரலால் காட்டுங்கள். உள்ளே இருப்பவர்கள் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து இடம் செய்வார்கள். அந்த இடம் எல்லோருக்கும் பொது என்பதிலிருந்தே மற்ற மரியாதைகள் பிறக்கின்றன. ஆளுக்கு ஒன்றாவது வாங்க வேண்டும். பெரிய பையைத் தூக்கி வரக் கூடாது. சாப்பிட்டு முடித்தபின் காத்திருப்பவருக்கு எழுந்து வழிவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் முகம் விழும்படி கேட்காமல் படமெடுக்கக் கூடாது. கடையில் கழிவறை கிடையாது, முன்பே போய்வாருங்கள். பல கடைகளில் ரொக்கம் மட்டுமே செல்லும். டிப்ஸ் வேண்டாம், மேசையில் விட்டுச் சென்றால் மறந்துவிட்டீர்கள் என்று துரத்தி வந்து தருவார்கள்.

[காட்சி: அருகில், கொதிக்கும் ராமென் கிண்ணம்]

பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு எடுக்கும் வெண்மையான சாறில் மெல்லிய நூடுல்ஸ் மிதக்கும் டோன்கோட்சு ராமென் இந்த ஊரின் உணவு. மீன் சந்தைத் தொழிலாளர்கள் அவசரத்தில் சாப்பிட ஏற்றவாறு விரைவில் வேகட்டும் என்று நூடுல்ஸை மெல்லியதாக்கினார்கள். ஆனால் மெல்லிய நூடுல்ஸ் சாறில் ஊறினால் குழைந்துவிடும். அதனால் முதலில் அளவாகத் தந்து, தேவைப்படுகிறவருக்கு இன்னொரு பங்கு சுடச்சுட அதே கிண்ணத்தில் போடும் காயேடாமா பழக்கம் நகஹாமாவில் பிறந்தது. அதை எண்ணிச் சாற்றைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். சற்றே விறைப்பாக வேண்டுமென்றால் "காத்தா", இன்னும் விறைப்பாக வேண்டுமென்றால் "பாரிகாத்தா" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். உறிஞ்சும் ஓசை தவறன்று. ஆனால் சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவதும், ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் இறுதிச் சடங்கை நினைவூட்டுபவை, கட்டாயம் தவிருங்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு இது கடினமான ஊர். காய்கறிக் குழம்பு போலத் தெரிவதிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். யாதாயை வேடிக்கை பார்த்துவிட்டு, டென்ஜினில் முன்கூட்டியே விசாரித்துவைத்த உணவகத்துக்குச் செல்வதே பாதுகாப்பானது.

[காட்சி: நகாசுவின் நியான் விளக்குகள்]

இரு ஆறுகளுக்கிடையே உள்ள நகாசு தீவு, மேற்கு ஜப்பானின் பெரிய கேளிக்கைப் பகுதிகளுள் ஒன்று. மதுக்கூடங்களுக்கு நடுவே பாலியல் தொழில் சார்ந்த கடைகளும் உண்டு. தெருவில் நின்று அழைப்பவர்களைப் பின்தொடர வேண்டாம். விலைப்பட்டியல் வெளியே இல்லாத கடையில் ஏற வேண்டாம். இசகாயா எனும் மதுவகங்களில், கேட்காமலே ஒரு சிறு கிண்ணத்தில் தின்பண்டம் வந்து, சில நூறு யென் கணக்கில் சேரும். அது மோசடியன்று, இருக்கைக்கான கட்டணம். எல்லோருக்கும் கோப்பை வந்து "கம்பாய்" சொல்லும்வரை குடிக்காமல் காத்திருப்பதும், பக்கத்தில் இருப்பவர் கோப்பையை நீங்கள் நிரப்புவதும் நல்ல பண்பு. மது அருந்தும் வயது 20.

வாடகைக் கார் எடுத்தவர்கள் ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாது. 2006-இல் இந்நகரின் கடற்பாலம் ஒன்றில் குடித்துவிட்டு ஓட்டியவர் மோதியதில் ஒரு கார் கடலில் விழுந்து மூன்று குழந்தைகள் இறந்தனர். அடுத்த ஆண்டே நாடு முழுவதும் சட்டம் இறுகியது. ஓட்டுநருக்கு மது கொடுத்தவரும், குடித்திருக்கிறார் என்று தெரிந்தே அந்த வண்டியில் ஏறியவரும்கூடத் தண்டனைக்குரியவர்கள். குடித்துவிட்டு மிதிவண்டி ஓட்டுவதற்கும் தடை உண்டு.

சுரங்க ரயில் நள்ளிரவையொட்டி நின்றுவிடும். அதன்பின் டாக்சிதான். கதவைத் திறக்கவும் மூடவும் கை நீட்டாதீர்கள், ஓட்டுநரே உள்ளிருந்து இயக்குவார். விடுதியின் பெயரை ஜப்பானிய எழுத்தில் கைப்பேசியில் வைத்திருந்தால், காட்டினாலே போதும்.