கை கழுவிய பிறகு தொடும் செல்போன்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற செவிலியர். பச்சிளங்குழந்தைகள் வார்டில் நெடுங்காலம் வேலை பார்த்தவள்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்திருந்தார். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பேத்தி, எடை ஒன்றரைக் கிலோ. பாட்டி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவார். குறை சொல்ல இடமே இல்லை. உள்ளே வந்து நின்றதும் இடுப்பில் செருகிய செல்போன் அடிக்கும். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிற மாப்பிள்ளை. பிள்ளை முகத்தை வீடியோவில் காட்டச் சொல்வார். போனை எடுத்து, திரையை விரலால் தேய்த்து, குழந்தை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடிப்பார் பாட்டி. பேசி முடித்த கையாலேயே குழந்தையின் உதட்டோரப் பாலைத் துடைப்பார்.

பஸ் சீட்டு, கழிப்பறை, ஆஸ்பத்திரி வராந்தாத் தரை எல்லாம் சுற்றி வந்த போன் அது. கையைக் கழுவினோம், போனைக் கழுவவில்லையே!

பாட்டியை மட்டும் சொல்வது நியாயமில்லை. எக்ஸ்ரே படத்தை டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, மருந்து அளவைக் கணக்குப் போட, எங்களுக்கும் போன் இல்லாமல் வார்டு நடக்காது. கையுறையோடு போனை எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் எடுத்திருக்கிறேன். நான் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் குழாய்க்குக் குழாய் கைகழுவும் படம் ஒட்டியிருந்தது; போனைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஒருநாள் லேப் தங்கச்சி ஒருவர் என் போனை வாங்கி, ரத்த அகார் தட்டில் (கிருமி வளர்க்க ரத்தம் கலந்த கூழ் ஊற்றிய தட்டு) லேசாக ஒற்றி, 37 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்தார். காலையில் பார்த்தால் தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அவை பெரும்பாலும் நம் தோலில் குடியிருப்பவை, பயமில்லை. ஓரத்தில் நாலைந்து மட்டும் பொன்னிறம், சுற்றிலும் தட்டின் சிவப்பு வெளுத்திருந்தது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஆபரேஷன் புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும் கிருமி. காய்ந்த பரப்பிலும் நாள்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும்.

திடமாக இருப்பவருக்கு இதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. குறைமாதக் குழந்தை, தீக்காயம் பட்டவர், டயாலிசிஸ் நோயாளி இவர்களை நினைத்துத்தான் சொல்கிறேன்.

வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் பார்த்ததும் இதைத்தான். பிணப் பரிசோதனை செய்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்த்தார்கள். 1847 ஏப்ரலில் அவருடைய வார்டில் 100 தாய்மாரில் 18 பேர் இறந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஜூனில் அது இரண்டு பேராகக் குறைந்தது. அந்தக் காலத்தில் கை கழுவிய பிறகு தொடுவதற்குச் செல்போன் இல்லை. இன்று நம் கைக்கும் நோயாளிக்கும் நடுவில் போன் வந்து நிற்கிறது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் போன், பிறகு கை. போனை அணைத்து, கவரைக் கழற்றி, 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். துணி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. சுத்த ஆல்கஹாலைவிட இதுதான் நன்றாக வேலை செய்யும். கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும். வயிற்றுப்போக்கு வார்டில் மட்டும் ஆல்கஹாலை நம்பிவிடாதீர்கள். அங்குள்ள சில கிருமிகள் அதற்குச் சாகாது, கையை சோப்புப் போட்டே கழுவ வேண்டும். ஆஸ்பத்திரிக்குள் போனை ஜிப் கவரில் போட்டுக்கொள்வது இன்னும் சுலபம். கவருக்கு மேலேயே திரை வேலை செய்யும், துடைப்பதும் எளிது.

அந்தப் பாட்டிக்கும் ஒரு கவர் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வாசலிலேயே என்னை நிறுத்தி, போனை நீட்டிக் காட்டினார். “இதைத் துடைச்சிட்டுத்தான் சிஸ்டர் கை கழுவினேன்” என்றார். குழந்தை அன்றைக்கு 1,720 கிராம் இருந்தது.

நன்றி, வணக்கம்.