நிறம் நீங்கிய பூ

நண்பர்களே, வணக்கம்.

திரையில் இருக்கும் இந்தக் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்ப்போம். ஒரே ஒரு மக்னோலியா. 1925-ல் இமோஜன் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கப் பெண்மணி எடுத்தது. நம் செண்பகத்துக்கு இது பங்காளி. இரண்டும் ஒரே பேரினம். பூ முழுதாகத் தெரியவில்லை, கவனித்தீர்களா? இதழ்கள் சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. நடுவில் கூம்பாக நிற்பது சூலகம். அதில் சுருண்டு சுருண்டு இருப்பவை சூல்முடிகள். அடியில் நெருக்கியடித்து நிற்பவை மகரந்தத் தாள்கள்.

கன்னிங்ஹாம் வேதியியல் படித்தவர். 1909-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குப் போய்ப் புகைப்பட வேதியியல் பயின்றார். திரும்பி வந்து சியாட்டிலில் சொந்தமாக ஸ்டூடியோ நடத்தினார். 1915-ல் மூத்த மகன், 1917-ல் இரட்டையர். அந்த ஆண்டே குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. ஸ்டூடியோ போயிற்று. பிள்ளைகள் சிறுசாக இருந்தபோது வீட்டுத் தோட்டத்தைத் தாண்ட முடியவில்லை, அதனால்தான் செடிகள் பக்கம் திரும்பினேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். இதைத் தாய்மையின் பெருமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. கணவரும் கலைஞர்தான்; அவர் கல்லூரிக்குக் கற்பிக்கப் போனார், இவர் வீட்டில் இருந்தார்.

சரி, தோட்டத்தில் என்ன செய்தார்? பூவுக்குக் கிட்டப் போய் எடுத்தால் சூல்முடி தெளியும், பின்னால் இருக்கும் இதழ் மங்கிவிடும். இரண்டும் தெளிய வேண்டுமானால் லென்சின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் குறையும். அதை ஈடுகட்ட ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்க வேண்டும். அதுவரை பூ அசையக் கூடாது. லேசாகக் காற்றடித்தாலும் படம் போச்சு! 1932-ல் அவரும் எட்வர்ட் வெஸ்டன், ஆன்செல் ஆடம்ஸ் முதலான புகைப்படக் கலைஞர்களும் சேர்ந்து அமைத்த குழுவுக்கு அந்தச் சின்னத் துவாரத்தின் எண்ணையே பெயராக வைத்தார்கள்: எஃப் 64.

அதே காலத்தில் பெர்லினில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் இருந்தார். இளமையில் இரும்பு வார்ப்புத் தொழில் பழகியவர். மாணவர்களுக்கு வடிவம் கற்றுத்தரச் செடிகளைப் பலமடங்கு பெரிதாக்கிப் படமெடுத்தார். அவருடைய பெரணிச் சுருள் இரும்பு வேலைப்பாடு போலவே நிற்கும். அபாரமான படங்கள். ஆனால் எனக்கு அவற்றில் ஈரம் தட்டுப்படுவதில்லை.

இதோ, இந்த மக்னோலியாவுக்கே வாருங்கள். வெள்ளைப் பூ. வெள்ளையை வெறும் வெள்ளையாகவே எடுத்திருந்தால் இதழ் காகிதமாகியிருக்கும். இதழ் மடிகிற இடத்தில் படிந்திருக்கும் மெல்லிய சாம்பலைப் பாருங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து முன்னால் வரலாம். கிட்டத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.