திருவாதிரை மங்கியதும் தூசி பிறந்ததும்

(காட்சி: மணிமுத்தாறு அணைக்கரை, மார்கழி இரவு ஒன்பது மணி. கேமரா கிழக்கே.)

வணக்கம் மக்களே. அந்தா சிவப்பாகத் தெரிகிறதே, அதுதான் திருவாதிரை. 2019 டிசம்பரில் பிறந்த மார்கழியில், நெல்லையப்பர் கோயில் தாமிர சபையில் ஆருத்ரா தரிசனம் நடந்த சமயத்தில், மேலே அந்த நட்சத்திரமே மங்கிக்கொண்டிருந்தது. 2020 பிப்ரவரியில் வெளிச்சம் பாதிக்கும் கீழே போனது. வெடிக்கப் போகிறது என்று ஒரே பேச்சு. வெடிக்கவில்லை. அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி நம் பார்வைக்கு நேராக மறைத்துக்கொண்டது. மேற்பரப்பிலும் ஒரு பகுதி குளிர்ந்திருந்தது.

கேமரா பிடிக்கிற தம்பி கேட்கிறான், "அண்ணே, நெருப்புல எப்படிண்ணே தூசி வரும்?"

நெருப்பில் வராதுதான். திருவாதிரையின் மேற்பரப்பு சுமார் 3,200 டிகிரி செல்சியஸ், எந்தத் துகளும் அங்கே நிற்காது. ஆனால் வயசான நட்சத்திரம் ஊதிப்போய்க் கிடக்கும், வெளிவிளிம்பில் ஈர்ப்பின் பிடி தளர்ந்துவிடும். மீரா என்று ஒன்று, சூரியனைப் போன்ற எடையில் பிறந்து கிழடானது, சுமார் 332 நாளுக்கு ஒருமுறை விம்மித் தணியும். அந்த விம்மலில் வாயு மேலே எறியப்பட்டு, ஆயிரத்துச் சொச்சம் டிகிரிக்கு இறங்கும்போதுதான் அணுக்கள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும்.

(காட்சி: கார்பன், ஆக்சிஜன் அணுக்களின் வரைபடம்.)

எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி இதுதான். கார்பனும் ஆக்சிஜனும் ஜோடி சேர்ந்து கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும், அந்த ஜோடியைப் பிரிப்பது லேசில்லை. ஆக, இரண்டில் எது மிச்சமோ அதுதான் என்ன தூசி என்று முடிவு பண்ணும். ஆக்சிஜன் மிஞ்சினால் முதலில் அலுமினியம் ஆக்சைடு, கொஞ்சம் தள்ளிப் போனதும் மக்னீசியம் கலந்த சிலிகேட், அதாவது பாறையில் இருக்கிற சரக்கு. இரும்பு பிறகுதான் ஏறும், ஏனென்றால் இரும்பு சேர்ந்த துகள் ஒளியை விழுங்கிச் சூடேறி, நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் என்றால் ஆவியாகிவிடும். கார்பன் மிஞ்சினால் அரிக்கேன் விளக்குச் சிம்னியில் படிகிற கரி மாதிரிதான், கூடவே சிலிக்கானும் கார்பனும் சேர்ந்த சிலிக்கான் கார்பைடு. மகம் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் சி.டபிள்யூ. லியோனிஸ் என்று ஒன்று இந்த ரகம். தன் கரிக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, அகச்சிவப்பில், அதாவது வெப்பக் கதிரில் பார்த்தால் ஜொலிக்கும்.

அப்புறம் நட்சத்திரத்தின் ஒளி துகளைத் தள்ள, துகள் வாயுவையும் இழுத்துக்கொண்டு வினாடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டரில் கிளம்பிவிடும்.

போகிற வழியில் புற ஊதாவும் அதிர்ச்சி அலைகளும் நிறைய துகளை அழித்துவிடும். சிலது தப்பும். 1969-இல் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லுக்குள் சிலிக்கான் கார்பைடு துகள்கள் கிடைத்தன. விண்வெளியில் பாய்கிற அண்டக்கதிர் பட்டுப் பட்டு அவற்றில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த நியான் வாயுவை அளந்து பார்த்தால், சிலதுக்கு வயது சுமார் 700 கோடி ஆண்டு. சூரியனுக்கே 460 கோடிதான்.