பல் பிடுங்கிய குழி மூடவில்லையா?

வணக்கம் மக்களே. காற்று ஜாஸ்தி, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாம்பன் கரையில் நிற்கிறேன். பின்னால் விசைப்படகெல்லாம் சும்மா கிடக்கிறது பாருங்கள், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள். தள்ளிப்போட்ட பல்வலி, முதுகுவலியை எல்லாம் எங்கள் ஆட்கள் இப்போதுதான் டாக்டரிடம் காட்டுவார்கள். போன வருஷம் என் சித்தப்பாவும் அப்படித்தான் போனார்.

கீழ்க் கடைவாய்ப் பல் ஆடியது. ஒரு பல் டாக்டர் (எந்த ஊர் என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்) எக்ஸ்ரே கூட எடுக்காமல் பிடுங்கிவிட்டார். 5 வாரம் ஆகியும் குழி மூடவில்லை. மறுபடி போனால் சீழ் என்று சொல்லி வேறு மாத்திரை.

பொதுவாக 3, 4 வாரத்தில் மேலே ஈறு மூடிக்கொள்ளும். உள்ளே எலும்பு நிரம்பத்தான் மாதக்கணக்காகும். சிலருக்குக் குழியில் உறைந்த ரத்தம் கழன்றுவிடும். இரண்டாம், மூன்றாம் நாளில் காதுவரை வலி இழுக்கும். டிரை சாக்கெட் என்பார்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அதிகம் வரும். பாடாய்ப் படுத்தும், ஆனால் பத்து நாளில் அடங்கிவிடும். சித்தப்பாவுக்கு நேர்மாறு. வலி பெரிதாக இல்லை. குழிக்குள்ளிருந்து சிவப்பாகச் சதை வளர்ந்தது, சோறு பட்டாலே ரத்தம். பல் சொத்தையாகி ஆடவில்லை மக்களே, அடியில் புற்றுநோய்க் கட்டி எலும்பை அரித்ததால் ஆடியிருக்கிறது.

ராத்திரிக் கடலில் தூக்கம் வராமல் இருக்க வெற்றிலை, பாக்கு, புகையிலை. அதுவும் ஒரே பக்கக் கொடுப்பில் அடக்கி 30 வருஷம். கட்டி வந்ததும் அதே பக்கம். பாசி எடுக்கப் போகும் அக்காமார் சிலர், 'நான் புகையிலை தொடமாட்டேன், வெறும் பாக்குதான்' என்பார்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003இலேயே சொல்லிவிட்டது, அக்கா. வாயையும் இறுக்கும். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையா, டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு வாரம் தாண்டிய புண், வெள்ளையோ சிவப்போ திட்டு, காரணமில்லாமல் உதடு மரத்துப்போவது, எல்லாவற்றுக்கும் அதேதான். வலிக்கவில்லையே என்று விடாதீர்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

அப்புறம் சோதனைக்குச் சதைத் துணுக்கு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், 'கத்தி பட்டால் பரவிடும்' என்று சித்தி ஒரே அழுகை. அதிலேயே 10 நாள் போயிற்று. அந்தச் சோதனையால் நோய் பரவாது. அது இல்லாமல் எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்லவும் முடியாது.

மதுரையில் ஆபரேஷன், பிறகு கதிர்வீச்சு. கதிர்வீச்சுக்கு முன்பே தேறாத பற்கள் மூன்றை எடுத்து, ஆறும்வரை காத்திருந்தார்கள். கதிர் பட்ட தாடையில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அதன்பின் பல் பிடுங்கினால் எலும்பே செத்துப்போகலாம், எத்தனை வருஷம் கழித்தும். அதனால் இனி எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் சித்தப்பா முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். சட்டைப்பையில் சீட்டு எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது வாய் இறுகாமல் இருக்க, பல்லுக்கு இடையில் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பயிற்சி செய்கிறார். ஆரம்பத்தில் 6 குச்சி. நேற்று 14. பேரன் எண்ணினான், கூட ஒன்று சேர்த்து எண்ணிவிட்டான் என்று சித்திக்குச் சந்தேகம்.