ஃப்ளூ ஊசி போட்டால் குடிக்கக் கூடாதா? சித்தப்பா கேட்ட கேள்வி

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஃப்ளூ ஊசி பற்றிப் பேசணும். என் சித்தப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, பத்து வருஷமாகச் சர்க்கரை வேறு. டாக்டர் போட்டுக்கொள்ளச் சொன்ன ஊசியை மூன்று வாரமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். ஏன் சித்தப்பா என்று கேட்டால், "ஊசி போட்டா ஒன்றரை மாசம் சரக்கைத் தொடக் கூடாதாமேப்பா, கல்யாணம் வருதே" என்கிறார்.

இந்த ஒன்றரை மாசக் கணக்கு ரஷ்யாவிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். 2020 டிசம்பரில் ஸ்புட்னிக் கொரோனா ஊசி போட ஆரம்பித்தபோது, அங்கே சுகாதார அதிகாரி அன்னா போபோவா 42 நாள் குடிக்காதீர்கள் என்றார். அந்த ஊசியை உருவாக்கிய நிறுவனத்தின் தலைவர் கின்ஸ்பர்க், ஒவ்வொரு ஊசியையும் ஒட்டி மூன்று நாள் விட்டாலே போதும் என்றார், ஆனால் எல்லார் மனசிலும் தங்கியது அந்த 42தான். நம்ம நீலகிரியிலேயே 2021இல் குடிப்பழக்கத்தைக் காரணம் சொல்லிப் பலர் ஊசியைத் தவிர்க்க, சான்றிதழ் காட்டினால்தான் டாஸ்மாக்கில் சரக்கு என்று மாவட்ட நிர்வாகம் சொல்ல வேண்டி வந்தது.

சரி, ஃப்ளூ ஊசிக்கு வருவோம். அப்படி எந்தத் தடையும் இதற்குக் கிடையாது. நம்ம ஊரில் பெரும்பாலும் போடுவது செத்த வைரஸிலிருந்து செய்த ஊசி, அதைப் பார்த்து உடம்பு எதிர்ப்புச் சக்தி உண்டாக்க சுமார் இரண்டு வாரம் எடுக்கும், ஒரு பெக் குடித்ததால் அந்த வேலை நின்றுவிடாது.

ஆனாலும் அன்றைக்கும் மறுநாளும் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். ஊசி போட்ட ஓரிரு நாளுக்குக் கை வலி, லேசான காய்ச்சல், உடம்பு வலி எல்லாம் வரலாம், அதோடு குடித்தால் உடம்பில் தண்ணீரும் வற்றி, காலையில் தலை வலித்தால் அது ஊசியாலா சரக்காலா என்றே தெரியாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடுவோம் இல்லையா, நிறையக் குடித்துவிட்டு அதையும் அளவுக்கு மேல் போட்டால் அடி வாங்குவது கல்லீரல். சித்தப்பா மாதிரி சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொரு பயம், சரியாகச் சாப்பிடாமல் குடித்தால், சில சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்து சர்க்கரை ரொம்பக் கீழே போய்விடும்.

அப்புறம் தினமும் குடிக்கிறவர்கள், "நமக்கு எதுக்கு ஊசி" என்று தயவுசெய்து ஒதுங்காதீர்கள். தொடர்ந்து அதிகம் குடித்தால் நோய் எதிர்ப்பு குறைந்துவிடும், நிமோனியா வரை போகும் வாய்ப்பும் கூடுதல். கல்லீரல் கெட்டவர்களுக்கு ஃப்ளூ வந்தால் ரொம்பச் சிரமம். நீங்கள்தான் முதலில் போட்டுக்கொள்ள வேண்டும், வருஷா வருஷம் வைரஸ் மாறுவதால் போன வருஷ ஊசியும் போதாது.

நேற்று சித்தப்பாவை நானே கூட்டிக்கொண்டு போனேன். போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துத்தான் அனுப்பினார்கள். ராத்திரி போன் பண்ணினேன், கை மட்டும் கொஞ்சம் வலிக்குது, ரசம் சாதம் சாப்பிட்டுப் படுக்கப் போறேன் என்றார்.