ட்ரியோலே யாருடைய கோட்டை?

நேயர்களுக்கு வணக்கம். மொரிஷியஸில் 'நிமேரோ சேங்க்' என்றால் எல்லோருக்கும் தெரியும்: பாம்ப்லெமூஸ்–ட்ரியோலே, ஐந்தாம் தொகுதி. நாட்டின் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம் குடும்பத்தின் கோட்டை என்று பத்திரிகைகள் எழுதும். எனக்கு அந்தப் பேச்சில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

பற்று இருந்தது உண்மை. 1943 செப்டம்பரில் வடக்கே பெல் வ்யூ ஆரெல் தோட்டத்தில் கூலிக்காகப் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டது. இறந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர் கர்ப்பிணியான அஞ்சலை குப்பன். மற்ற மூவரும் தமிழ்ப் பெயர்க்காரர்களே. ஐந்து வருஷம் கழித்து, 1948 தேர்தலில், தீவில் வழங்கும் ஏதாவது ஒரு மொழியில் எளிய வாக்கியம் எழுதப் படிக்கத் தெரிந்தால் ஓட்டு உண்டு என்றானது. தமிழும் அதற்குப் போதும். சுமார் 12,000 ஆக இருந்த வாக்காளர்கள் 70,000-ஐத் தாண்டினார்கள். வெள்ளைத் தோட்ட முதலாளிகளின் சபைக்கு சிவசாகர் ராம்கூலம் வடக்கின் ஓட்டில் தேர்வானார். லேபர் கட்சியின் சிவப்புக் கொடி இங்கே வேர்விட்டது அப்படித்தான்.

ஆனாலும் அதே ஊர் 1982-ல் அவரைத் தோற்கடித்தது. சரி, அது நாடு முழுக்க வீசிய அலை, எதிரணிக்கு 60, அவர் பக்கம் 0. நான் முக்கியமாகப் பார்ப்பது 2014. மகன் நவீன் பிரதமராக இருந்துகொண்டே இங்கே தோற்றார். அவருடைய கூட்டணி வேறு தொகுதிகளில் 13 இடம் பிடித்தது. தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள் என்பதால் இங்கே ஒவ்வொருவரும் மூன்று பேருக்குக் குறி போட்டே ஆகவேண்டும், குறைந்தால் சீட்டு செல்லாது. கட்சிக்காரர்கள் 'வோட் ப்ளாக்', அதாவது மூன்று குறியும் ஒரே அணிக்கு, என்று கத்தினாலும், மூன்றில் ஒரு குறியை மட்டும் அவருக்குப் போட எவருக்கும் தடையில்லை. முதல் மூன்று இடத்துக்குள் வரும் அளவுக்குக்கூட அது விழவில்லை.

ஊரும் மாறிவிட்டது. போ ப்ளான் சர்க்கரை ஆலை 1999-ல் மூடி, இப்போது மியூசியம். கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் கடற்கரை ஓட்டல்களுக்கும் போர்ட் லூயிக்கும் பஸ் ஏறுகிறார்கள். தாத்தாவின் கட்சிக்கு அவர்களில் பலர் கட்டுப்பட்டவர்கள் இல்லை. கோயில் கமிட்டி, சமூகச் சங்கம் எல்லாம் தேர்தல் நேரத்தில் பேசும், அப்புறம் பிள்ளைகள் தங்கள் இஷ்டப்படி போடுவார்கள்.

2019-ல் நவீன் பத்தாம் தொகுதிக்குப் போய் அங்கும் தோற்றார். 2024 நவம்பரில் திரும்பி வந்து ஜெயித்தார். தீவின் 60 இடமும் அந்த முறை அவர் கூட்டணிக்கே போனது. அதனால் அந்த வெற்றியை ட்ரியோலேயின் தனிப் பாசம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.