கள்ளிக்காட்டில் பேஸ்பால்: அரிசோனாவில் ஸ்பிரிங் டிரெயினிங் பார்ப்பது எப்படி?

(காட்சி: புல்மேட்டிலிருந்து தெரியும் மைதானம், பின்னால் பழுப்பு மலை)

ஏழாவது இன்னிங்ஸ். பந்து வீச 96ஆம் எண் சட்டை போட்ட ஒரு பையன் வந்து நிற்கிறான், சட்டையில் பெயர்கூட இல்லை. என் பக்கத்தில் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பெரியவர், தொப்பியைக் கழற்றி அதன் நிழலில் செல்போனைப் பிடித்துக்கொண்டு அவன் யார் என்று தேடுகிறார். அவர் கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பையன் இரண்டு பேரை அவுட் ஆக்கிவிட்டான். ஸ்கோர் என்ன என்று கேட்டால் எங்கள் இருவருக்கும் தெரியாது. இந்த வீடியோ அந்த மாதிரி ஒரு மத்தியானத்தைப் பற்றியது.

அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கில் 30 அணிகள். மெயின் சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஆடும் பயிற்சிக் காலம்தான் ஸ்பிரிங் டிரெயினிங்: பாதி அணிகள் ஃபுளோரிடாவுக்குப் போகின்றன, மீதி 15 அணிகள் அரிசோனாவில் ஃபீனிக்ஸைச் சுற்றி வந்து இறங்குகின்றன. இங்கே நடப்பதற்குக் கேக்டஸ் லீக் என்று பெயர், அதாவது கள்ளிச்செடி லீக். பிப்ரவரி நடுவில் பந்து வீசும் பிட்சர்களும் அதைப் பிடிக்கும் கேட்சர்களும் முதலில் வருவார்கள், பிப்ரவரிக் கடைசியில் ஆட்டங்கள் தொடங்கும், மார்ச் கடைசியில் எல்லோரும் மூட்டை கட்டிக் கிளம்பிவிடுவார்கள். ஒரு ஆட்டம்கூட சீசன் கணக்கில் சேராது. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து ஸ்கோர் சமமாக இருந்தால், சரி டை, வீட்டுக்குப் போகலாம் என்று முடித்துக்கொள்வார்கள்.

கணக்கில் சேராத ஆட்டத்துக்கு ஏன் காசு கொடுத்துப் போக வேண்டும் என்று நானும் கேட்டிருக்கிறேன். போன பிறகு கேட்கவில்லை.

முதலில் ஊரைப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பயணத் திட்டத்தில் பாதிப்பேர் கோட்டை விடுவது இங்கேதான். மொத்தம் 10 மைதானங்கள், எல்லாம் ஒரே பெருநகரப் பகுதிக்குள். கிழக்கே ஐந்து: மீசாவில் ஸ்லோன் பார்க்கும் ஹோஹோகம் ஸ்டேடியமும், டெம்பியில் டியாப்லோ ஸ்டேடியம், ஸ்காட்ஸ்டேல் ஸ்டேடியம், அதற்குக் கொஞ்சம் வடக்கே சால்ட் ரிவர் ஃபீல்ட்ஸ். மேற்கே ஐந்து: மேரிவேல் பக்கம் மில்வாக்கி அணியின் மைதானம், கேமல்பேக் ரான்ச், குட்இயர், பியோரியா, சர்ப்ரைஸ். ஆமாம், ஊர் பெயரே சர்ப்ரைஸ்தான். மீசாவிலிருந்து சர்ப்ரைஸுக்கு 60, 70 கிலோமீட்டர். வேலை முடிந்து கார்கள் கிளம்பும் நேரத்தில் அதில் மாட்டினால் அன்றைக்கு சாயங்கால ஆட்டம் அவ்வளவுதான். ஒரு நாள் கிழக்கு, ஒரு நாள் மேற்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கார் வேண்டும். ஸ்காட்ஸ்டேல் மட்டும் விதிவிலக்கு, பழைய ஊர்க் கடைத்தெருவுக்குள்ளேயே மைதானம் இருப்பதால் அங்கே ரூம் போட்டால் நடந்தே போகலாம்.

ஃபுளோரிடாவில் அணிகள் மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கும், ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக சில சமயம் மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். அரிசோனாவின் பெரிய லாபம் இந்த நெருக்கம்தான். மழைத் தொல்லையும் இங்கே குறைவு.

இதெல்லாம் எப்படி இந்தப் பாலைவனத்துக்கு வந்தது? 1947. கிளீவ்லாந்து அணியின் முதலாளி பில் வீக்குக்கு அரிசோனாவின் டூசான் நகரத்துப் பக்கம் பண்ணை இருந்தது. ஃபுளோரிடாவில் கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த விதம் பிடிக்காமல்தான் அணியை இங்கே கொண்டுவந்தேன் என்று பின்னாளில் சொன்னார். தனியாக ஒரு அணி வந்தால் யாரோடு விளையாடுவது? நியூயார்க் ஜயன்ட்ஸும் சேர்ந்துகொண்டு ஃபீனிக்ஸில் இறங்கியது. அதே வருடம் ஜூலையில் லாரி டோபி கிளீவ்லாந்தில் சேர்ந்து அமெரிக்கன் லீக்கின் முதல் கறுப்பின வீரர் ஆனார். ஆனால் அடுத்த வருடம் பயிற்சிக்கு டூசானுக்கு வந்தபோது அணி தங்கிய ஓட்டலில் அவருக்கு இடம் கிடையாது, ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில்தான் தங்கினார். ஃபுளோரிடாவை விட்டு ஓடிவந்த கதையை மட்டும் சொல்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. டூசானில் இன்றைக்கு ஒரு அணியும் இல்லை, 2010க்குப் பிறகு கடைசி இரண்டும் ஃபீனிக்ஸ் பக்கம் வந்துவிட்டன.

(காட்சி: காலை, பயிற்சித் திடல், கம்பி வேலி)

இப்போது முக்கியமான இடம். ஆட்டம் பெரும்பாலும் மத்தியானம் ஒரு மணிக்கு மேல்தான், நீங்கள் காலையிலேயே போய்விடுங்கள். ஒவ்வொரு பெரிய மைதானத்துக்குப் பின்னாலும் வரிசையாகப் பயிற்சித் திடல்கள் இருக்கும், சால்ட் ரிவரில் மட்டும் 12. சில அணிகள் ரசிகர்களை இலவசமாக உள்ளே விடும், சில விடாது, நாளும் மாறும், அதனால் அணியின் தளத்தில் முந்தைய நாள் பார்த்துக்கொள்ளுங்கள். கேமல்பேக் ரான்சில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பக்கம் நான் நின்ற அன்று ஐந்து பிட்சர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று வீசிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு கம்பி வேலி, பத்தடி மண். டிவியில் பந்து கையுறைக்குள் போவது 'டப்' என்று கேட்கும். இங்கே அது வெடி. ஐந்து வெடிகள் வேறு வேறு தாளத்தில். கேட்சர் ஒருவர் ஒவ்வொரு பந்துக்கும் ஸ்பானிஷில் என்னமோ சொல்லிச் சிரிக்கிறார், பயிற்சியாளர் கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு பந்து எத்தனை சுற்று சுழன்றது என்று படித்துச் சொல்கிறார். டாட்ஜர்ஸின் ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓடானி அந்தப் பக்கம் நடந்தால் கூட்டம் மொத்தமாக நகரும், ஜப்பானிய நிருபர்கள் முன்னால் ஓடுவார்கள், அதைப் பார்ப்பதே தனி வேடிக்கை.

செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பந்து வேலிக்கு மேலேயும் வரும். எனக்கு ஒரு தடவை இரண்டடி தள்ளி விழுந்தது.

ஆட்டோகிராஃப் வேண்டுமென்றால் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வீரர்கள் உட்காரும் டக்அவுட் ஓரமாகக் கம்பிப் பக்கம் நில்லுங்கள். பந்தில் வாங்க பால்பாயின்ட் பேனா, மார்க்கர் மை தோலில் ஊறிவிடும். தொப்பிக்கு மார்க்கர். குழந்தைகளை முன்னால் விடுங்கள், அவர்களிடம்தான் வீரர்கள் முதலில் வருவார்கள்.

டிக்கெட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. பெரிய நட்சத்திரங்கள் மூன்று நாலு இன்னிங்ஸ் ஆடிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்கள், எதிரணியின் மைதானத்துக்குப் பஸ் ஏறி வருவது இன்னும் அபூர்வம். சில நாள் அணியையே இரண்டாகப் பிரித்து இரண்டு ஊரில் ஆடவிடுவார்கள். நான் ஒருவரைப் பார்க்க சர்ப்ரைஸ் வரை ஓட்டிப் போனேன், அவர் தன் சொந்த மைதானத்திலேயே நிம்மதியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஒரு வீரருக்காகப் போகிறீர்கள் என்றால் அவருடைய ஹோம் ஆட்டத்துக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

மற்றபடி நாற்காலிக்குச் செலவு செய்யாதீர்கள். அவுட்ஃபீல்டுக்குப் பின்னால் சரிவாக ஒரு புல்மேடு இருக்கும், விரிப்பைப் போட்டு உட்காரலாம், டிக்கெட்டிலேயே அதுதான் மலிவு. பாலைவனத்தில் எப்படி இவ்வளவு பச்சை என்று யோசித்தீர்களா? கோடைக்கான பெர்முடா புல் குளிரில் காய்ந்து மஞ்சளாகிவிடும், அதனால் இந்த ஊரில் அக்டோபர் வாக்கில் அதன் மேலேயே ரை புல் விதையைத் தூவி நிறையத் தண்ணீர் விடுவார்கள். இந்த ஊரில் வாய்க்கால் வேலை பழையது, ஹோஹோகம் மக்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி மக்காச்சோளம் விளைவித்தவர்கள். மீசாவின் ஹோஹோகம் ஸ்டேடியத்தின் பெயர் அங்கேயிருந்து வந்ததுதான்.

ஆனால் புல்மேட்டில் நிழல் கிடையாது. மார்ச்சில் பகல் வெப்பம் சராசரியாக 25 டிகிரிதான், சில நாள் 30 தாண்டும். நம்மூர் வெயிலைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்று நானும் சன்ஸ்கிரீனை காரிலேயே வைத்துவிட்டுப் போனேன். காற்று காய்ந்த காற்று, வேர்வை வந்ததும் உலர்ந்துவிடும், சுடுவதே தெரியாது. ராத்திரி காதும் வலது முழங்காலும் மட்டும் செங்கல் நிறம். வயதானவர்களைக் கூட்டிப்போனால் பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், கூரைக்குக் கீழே மேல் வரிசையில் இடம் எடுங்கள். ராத்திரி ஆட்டத்துக்கு ஸ்வெட்டர் கட்டாயம், சூரியன் இறங்கியதும் குளிர் உடனே வந்துவிடும்.

எந்த மைதானம் நல்லது? கூட்டமும் ஆரவாரமும் வேண்டுமென்றால் ஸ்லோன் பார்க், சிகாகோ கப்ஸ் ரசிகர்கள் 15,000 பேர் வரை நிரம்பிவிடுவார்கள், டிக்கெட்டும் சீக்கிரம் தீரும். அழகுக்கு என் ஓட்டு சால்ட் ரிவர் ஃபீல்ட்ஸ். 2011இல் திறந்தது, சால்ட் ரிவர் பீமா-மரிக்கோபா பூர்வகுடிகளின் நிலத்தில் இருக்கிறது, பழங்குடி நிலத்தில் கட்டிய முதல் ஸ்பிரிங் டிரெயினிங் மைதானம் இதுதான். டெம்பி டியாப்லோ பழசு, சின்னது, பக்கத்திலேயே பாறைக்குன்று, நெடுஞ்சாலை இரைச்சல் வேறு. எனக்கு அது பிடிக்கும். குட்இயரில் வாசலில் 60 அடி உயரத்துக்கு ஒரு பேஸ்பால் சிற்பம் நிற்கிறது, கூட்டம் குறைவு, கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்காவிட்டால் அங்கே முயற்சி செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை, புள்ளிவிவரத்தை நம்பி மெயின் சீசனுக்கு யாரையும் தூக்கிவைத்துப் பேசாதீர்கள். இந்த வறண்ட காற்றில் அடித்த பந்து கூடுதல் தூரம் போகும், கர்வ்பால் ஒழுங்காக வளையாது. பிட்சரும் சில சமயம் புது வகை வீச்சு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப வீசிப் பார்த்துக்கொண்டிருப்பார். லீக்கே இங்கே சோதனை செய்கிறது. கிரிக்கெட் டிஆர்எஸ் மாதிரி பந்து அடிக்க வேண்டிய எல்லைக்குள் வந்ததா என்று அம்பயர் சொல்லும் ஸ்டிரைக் தீர்ப்பை எதிர்த்து கேமராவிடம் அப்பீல் செய்யும் முறையை 2025 ஸ்பிரிங் டிரெயினிங்கில்தான் முதன்மை லீக் வீரர்களை வைத்துப் பார்த்தார்கள், 2026இல் மெயின் சீசனுக்கு வந்தது.

கடைசியாக, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காரில் வருபவர்களுக்கு. ஆறு மணி நேர ஓட்டம், அதோடு அரிசோனா கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. மார்ச் இரண்டாவது ஞாயிறுக்கு முன்னால் வந்தால் இங்கே ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், அதற்குப் பிறகு இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். காலைப் பயிற்சியைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொண்டு அலாரம் வையுங்கள்.